இடது பக்கம் நின்றவள்

இன்று காலை உன் மகள் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போ என்றேன். கார் காத்திருக்கிறது, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். பையில் உன் விசில், முழங்கால் உறை ஒரு ஜோடி, அடியில் நம் பரீட்சை அட்டை. அட்டையை வெளியே எடுத்ததும் நீ மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை முகத்தில் அடித்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. அந்தப் பாழாய்ப்போன தைலம் மட்டும் இன்னும் போகவில்லை.

அட்டையின் கிளிப்பில் ஒரு தாள் இருந்தது. நாலாக மடித்துப் பிரித்த தாள், என் கையெழுத்து. பார்த்த கணமே கவிழ்த்துவிட்டேன். உன் மகள் கீழ்ப்படியில் நின்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தாள். "அம்மா அதுல ஏதோ ராசிந்தி ஆன்ட்டி. நாக்கு தமிழ் சதவ ராது கதா" என்றாள். எழுதியது நீ, படிக்க வேண்டியது நான், நடுவில் தூக்கி வந்த பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நல்ல ஆள் பார்த்துத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறாய்.

குக்கர் வைத்தேன், துணி காயப்போட்டேன், ஒழுகாத குழாய்க்கு ஆள் வரச்சொல்லிப் போன் செய்தேன். இப்போது சாயங்காலம். தாள் மேசையில் கவிழ்ந்தபடியே கிடக்கிறது. அதைத் திருப்புவதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். நீ இருக்கும்போது பேசியிருக்க வேண்டியதுதான். அதற்கு வாய் வரவில்லை.

நான் பாளையங்கோட்டையிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். சிகந்தராபாத் பக்கம் இந்தக் குஷாய்குடாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்குத் தெலுங்கில் ஒரு எழுத்து தெரியாது. தொழிற்சாலைக் கூடைப்பந்து மைதானத்தில் நீ ஒருத்திதான் தமிழ் பேசினாய். அதையும் தமிழ் என்று நான் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. உங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக சிகந்தராபாத். வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்த குடும்பம். "ஆமாம்" என்று சொல்ல உனக்கு வராது, "ஹவ்"தான். "வேண்டாம்" கிடையாது, "நக்கோ". "ஏன்" என்ற வார்த்தையே உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, எதற்கெடுத்தாலும் "கைக்கு?" நீ என் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு முதல் நாளே எனக்குத் தின்னவேலி என்று பெயர் வைத்தாய். முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பெயர்தான். என் சொந்தப் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருக்கவே மாட்டேன்.

நீ பந்தை எடுத்து வருகிறவள். நான் இடது ஓரத்தில் ஓடுகிறவள். அவ்வளவுதான் நம் ஏற்பாடு. நீ என் பக்கம் பார்க்கவே மாட்டாய். வலது பக்கம் யாரிடமோ கொடுக்கப்போகிறவள் மாதிரி தலையைத் திருப்புவாய், பந்து என் கைக்கு வந்திருக்கும். எப்படிட்டி தெரியும் என்று கேட்டால், "நீ வேற எங்க போவே?" என்பாய்.

ஓட்டம் குறைந்த பிறகு நம்மைத் தேர்வாளர்களாக்கினார்கள். சின்னப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிற வேலை. எல்லாரும் உயரத்தை அளப்பார்கள், பத்து முறை எறியச் சொல்லி எத்தனை விழுகிறது என்று எண்ணுவார்கள். நீ கூடைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். "பந்தை யார் வேணா பாப்பாங்க தின்னவேலி. பந்து இல்லாதப்போ அவ எங்க பாக்குறா, அதைப் பாரு" என்றாய். ஒரு பெண்ணை மட்டும் பத்து நிமிடம். பந்து எங்கே போனாலும் நம் கண் அவளை விட்டுப் போகக்கூடாது. அதற்காகத்தான் இந்த அட்டையும் தாளும். தாளில் மூன்று கட்டம்: எந்த நிமிடம், என்ன நடந்தது, அவள் என்ன பார்த்தாள். முதல் இரண்டையும் நாம் நிரப்புவோம். மூன்றாவதை அவள் வாயால் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஆட்டம் நின்றதும் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, மிரட்டாமல், "அப்போ என்ன பாத்தே?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் ஒருத்திக்கும் மதிப்பெண் போடக்கூடாது. இது நீ வைத்த சட்டம்.

போலாரத்துப் பெண் ஒருத்தியை ஞாபகம் இருக்கிறதா? பட்டாளச் சமையற்காரரின் மகள். குள்ளம், எறிந்தால் வளையத்தைக்கூடத் தொடாது. தனியாக நின்ற தோழிக்குப் பந்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அப்போதே அவள் பெயரை அடித்துவிட்டேன். தொழிற்சாலையில் என் வேலையும் ஆய்வுப் பிரிவுதானே. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சர்க்யூட் பலகைகளில் பழுது தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "நக்கோ நக்கோ, இரு, கேளு" என்றாய் நீ. கேட்டாய். அந்தப் பிள்ளை இந்தியில் சொன்னது: அந்த அக்காவின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, பந்து கொடுத்தால் ஓடுவாள், ஓடினால் மிதித்து விழுவாள். நாம் இரண்டு பேரும் அந்த லேஸைப் பார்க்கவில்லை. அவளை எடுத்தோம். மூன்று வருஷம் அணியை அவள்தான் நடத்தினாள்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று தொழிற்சாலையில் ஒரு அணி இருந்ததே, நாம் கிழவிகள் அணி என்று கேலி செய்துகொண்டே ஆடியது, அதில் அந்தக் கடைசி வருஷம் எனக்குப் பந்து வரவில்லை. முதலில் ஒரு நாள். பிறகு ஒரு வாரம். இடது ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், கத்துவேன். நீ வலது பக்கம் இருக்கிற புதுப் பெண்ணுக்குக் கொடுப்பாய். அவளைச் சுற்றி இரண்டு பேர் நின்றாலும் அவளுக்குத்தான். அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, உனக்கு வரவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மனசுக்குள் கறுவிக்கொண்டே தோசை வார்த்தேன்.

அதே மாதம் அல்வாலில் நம் கேன்டீன் ஆளின் மகள் கல்யாணம். உன் பக்கத்து இலையில்தான் நான் உட்கார்ந்தேன். பாதி சாப்பாட்டில் நீ சத்தம் போட்டாய். "அரே, உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே? எனக்கு மட்டும் வெக்காம போயிட்டாங்க." பரிமாறுகிறவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "வெச்சிருக்கேனேம்மா" என்றான். உப்பும் ஊறுகாயும் எங்கே வைப்பார்களோ அங்கேதான் இருந்தன, இலையின் இடது ஓரத்தில். நீ இலையைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய், தலையைக் குனிந்துகொண்டாய். நீ எழுந்த பிறகு உன் இலையைப் பார்த்தேன். வலது பாதி வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது, இடது பாதியில் வைத்தது வைத்தபடி. பகட்டைப் பார் இவளுக்கு, பந்தியில் கூட ஆள் கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவளிடம் சொல்லவும் செய்தேன்.

பிறகு என் முழங்கால் சவ்வு கிழிந்தது. ஓட முடியாதவளைத் தேர்வாளராக உட்கார வைத்தார்கள். வெளியூர்ப் போட்டிக்கு எட்டுப் பேரை எடுக்க வேண்டும். மூன்று சாயங்காலம் அட்டையும் தாளுமாக உட்கார்ந்து உன்னை மட்டும் பார்த்தேன். உன் சட்டப்படிதான், பந்தைப் பார்க்காமல் உன்னை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் ஆடிய பெண்ணுக்கும் நீ பந்து கொடுக்கவில்லை. இடது பக்கத்திலிருந்து ஒருத்தி கையை நீட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். அவள் வந்தது தெரியாதவள் மாதிரி நீ நின்றாய். ஒருமுறை நம் பெண் மேலேயே மோதினாய். பதினொரு தவறு. பதினொன்றும் இடது பக்கம்.

அங்கேயே எழுந்து வந்து உன்னைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே "ஆட்ட அறிவு: குறைவு. ஆளைப் பார்ப்பதில்லை, இஷ்டத்துக்கு ஆடுகிறாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவளிடம் போய் நான் என்ன கேட்பது என்ற வீம்பு. அதோடு, இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று நீ ஆய்வுப் பிரிவுக்கே வந்தாய்.

"தின்னவேலி, லிஸ்ட்ல என் பேரு இல்லே. டைப்பிங் மிஸ்டேக்கா?"

"மிஸ்டேக் இல்லட்டி. நாந்தான் போடல."

"கைக்கு?"

தாளை எடுத்து நீட்டினேன். "எல்லாம் இதுல இருக்கு. நீயே பாத்துக்கோ."

நின்றபடியே படித்தாய். வெகு நேரம் படித்தாய். "மூணாவது கட்டம் காலியா இருக்கே" என்றாய்.

"ஒங்கிட்டப் போயி என்னத்தக் கேக்க? ஒனக்குத் தெரியாததா?"

நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். நீ தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினாய். போகும்போது உன் இடது தோள் கதவு நிலையில் மோதியது. என் பிரிவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு மாதம் பேசவில்லை. கேன்டீனில் நீ இருந்தால் நான் வெளியே போய்விடுவேன். பிறகு ஒரு காலையில் நீ ஸ்கூட்டரில் வரும்போது, சாலையின் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஆட்டோவில் மோதிவிட்டாய் என்றார்கள். கை எலும்பு முறிவு. நின்ற ஆட்டோவில் போய் யாராவது மோதுவார்களா என்று கேட்டார்கள். கையைக் கட்டுவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரியில் யாரோ புத்தியுள்ள டாக்டர் உன் தலையைப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா என்னமோ கேக்குறாங்க மேடம். எப்போ ஆரம்பிச்சுதுன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியல. தின்னவேலிக்குத்தான் தெரியும், அவ எழுதி வெச்சிருக்கான்னு சொல்றா. கொஞ்சம் வாங்க."

போனேன். டாக்டரம்மாவின் மேசையில் என் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. உன் கைப்பையிலேயே ஏழு மாதம் இருந்திருக்கிறது. முந்தின நாள் உன் வீட்டுக்காரர் அவருக்கு அதை வரி வரியாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் எனக்குச் சொன்னார். மூளையில் கட்டி, வலது பக்கம் பின்னால். அது வளர வளர இடது பக்கத்து உலகம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இருட்டாகத் தெரியாதாம். அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லாமலே போய்விடுமாம். அதனால் தெரியவில்லை என்பதே ஆளுக்குத் தெரியாதாம்.

"இதை எழுதியது நீங்களா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நாங்கள் கருவி வைத்துப் பார்க்கிறதை நீங்கள் பென்சிலை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை என்றார். என் வாழ்நாளில் யாரும் என் வேலையை அப்படிப் புகழ்ந்ததில்லை. பிறகு, "இவ்வளவு பார்த்துவிட்டு ஏன் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பவில்லை?" என்றார். ஆட்டத்தில் புத்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன் என்று சொன்னேன். அவர் தாளில் இருந்த தேதியை விரலால் தொட்டு, "இந்தத் தேதியில் வந்திருந்தால்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து உன்னை அல்வால் வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு வாரம் ஒருமுறை வந்தேன். வந்து உன் கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். வலது பக்கம் நல்ல நாற்காலி இருந்தது. நான் ஸ்டூலை இழுத்து இடது பக்கம் போட்டுக்கொண்டேன். உன் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தால் போதும் என்று இருந்தது. மூன்று வாரம் அப்படி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனேன். உன் மகள் என்னை விசித்திரமாகப் பார்ப்பாள்.

நாலாவது வாரம் நீ கூரையைப் பார்த்தபடியே மகளிடம் சொன்னாய். "தின்னவேலிக்குச் சாய் குடு. லெஃப்ட்ல உக்காந்திருக்கா."

"எப்படிட்டி தெரிஞ்சுது? நான் வாயே தெறக்கலையே."

"நீ வேற எங்க போவே?" என்றாய்.

ஆட்ட அறிவு குறைவு என்று கையெழுத்துப் போட்டேனே, உனக்கு! பாதி உலகம் போய்ப் படுத்திருக்கிறவளுக்கு நான் நிற்கிற இடம் தெரிந்திருந்தது. உலகம் முழுசாகத் தெரிந்த எனக்குத்தான் ஒரு இழவும் தெரியவில்லை.

"அங்க நக்கோ. இந்தப் பக்கம் வா" என்றாய். எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். முகம் கோணியிருந்தது, தலையில் முடி இல்லை. கோபமா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு கேட்டாய்.

"கைக்கு கேக்கலே?"

அவ்வளவுதான். சாய் ஆறிப்போனது. நான் அழுதேன், அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அடுத்த வாரம் வந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தாய். பரவாயில்லை விடு என்று நீ சொல்லிவிட்டதாக இரண்டொருவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். பொய். நீ அப்படிச் சொல்லவில்லை.

சரி. தாளைத் திருப்பிவிட்டேன்.

மூன்றாவது கட்டம் நிறைந்திருக்கிறது. உன் எழுத்துதான், நடுங்குகிறது. கட்டத்தின் வலது ஓரத்திலேயே எல்லா வரியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பேச்சு நிற்பதற்கு முன் எந்த நாளிலோ பென்சில் கேட்டு வாங்கி உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். நான் கேட்காவிட்டால் என்ன, தாள் காலியாக இருக்கக்கூடாது உனக்கு.

முதல் வரி: யாரும் இல்லே. இரண்டாவது: யாரும் இல்லே. மூன்றாவதும் அதுவே. நாலாவது: சத்தம் கேட்டுச்சு, திரும்பினேன், யாரும் இல்லே. ஐந்து, ஆறு, யாரும் இல்லே, யாரும் இல்லே. ஏழாவது: முன்னாடி இங்க தின்னவேலி நிப்பா, இப்ப யாரும் இல்லே. அதற்கு மேல் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. பதினொன்றுக்கும் எழுதியிருக்கிறாய். ஒன்றையும் விடவில்லை.

கீழே என் கையெழுத்துக்கு வலது பக்கம் இன்னும் ஒரு வரி. "நீ என்ன பாத்தே, தின்னவேலி?"

ஞாயிற்றுக்கிழமை போலாரத்தில் சின்னப் பெண்கள் தேர்வு. இந்த வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், வேறு ஆள் இல்லை. இப்போதெல்லாம் பென்சிலைத் தொடுவதற்கு முன் எழுந்து போய்க் கேட்டுவிடுகிறேன். போன மாதம் பந்தைத் தவறவிட்ட ஒரு பிள்ளையை நிறுத்தி, இரண்டு கையையும் அகல விரித்து, எத்தனை விரல் என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்பேன். இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன், உன் தாள் அடியில் இருக்கட்டும்.

உன் வரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் மிச்சமிருக்கிறது. விளக்குப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்து இப்போதுதான் எழுதி முடித்தேன்.

பந்தைத்தான் பார்த்தேன், ஏட்டி. எனக்கு வராத பந்தை.